ரன்னிங் பேக்குக்கு மவுசு குறைந்தது ஏன்?

ஜிம் பிரவுன், வால்டர் பேட்டன் காலத்தில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர்தான் அணியின் முகம். இன்று அதே இடத்தில் ஆடுபவருக்கு இரண்டாவது ஒப்பந்தம் தரவே அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் அணிகள் தயங்குகின்றன. அப்படியானால் ஓடி ஆடும் ஆட்டமே முடிந்துபோய்விட்டதா என்று பலர் கேட்கிறார்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆட்டத்தில் ஓட்டத்துக்கு உள்ள பங்கு குறைந்ததா என்பது ஒன்று. ஓடுபவரின் பேரம் பேசும் பலம் குறைந்ததா என்பது இன்னொன்று. முதலாவது குறைந்தது உண்மை, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு அல்ல. இரண்டாவது அதைவிட வேகமாகச் சரிந்தது, அதற்கான காரணங்களில் பாதி மைதானத்துக்கு வெளியே, சம்பள விதிகளில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் இந்த விவாதம் எப்போதும் வட்டமடிக்கிறது.

இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி: பக்கத்துக்கு 11 பேர், நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி. பந்தை எறியலாம், அல்லது கையில் கொடுத்து ஓடவைக்கலாம். அப்படி வாங்கி ஓடுபவர்தான் ரன்னிங் பேக்.

ஆரம்பத்தில் அவர் ஓடுபவர் மட்டும் அல்ல. 1920-களிலும் 30-களிலும் பெரும்பாலான அணிகள் ஆடியது சிங்கிள் விங் என்ற அமைப்பு. முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் பந்தை நேராக, பின்னால் நிற்கும் டெயில்பேக்கின் கைக்கு அனுப்புவார். ஓடுவதும் அவரே, எறிவதும் அவரே, தேவைப்பட்டால் காலால் உதைத்து எதிரணியின் பகுதிக்குள் தள்ளுவதும் அவரே. குவாட்டர்பேக் என்ற பெயரில் இருந்தவருக்கு முக்கால்வாசி நேரம் வழி மறிப்பவர்களைத் தள்ளும் வேலைதான். பந்தை எறிவதற்குச் சட்டமே கெடுபிடி செய்தது: ஸ்கிரிமேஜ் கோட்டுக்கு (ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கோடு) 5 யார்டு பின்னால் நின்றுதான் எறிய வேண்டும். 1932-ல் சிகாகோ ஸ்டேடியத்தின் கூரைக்கடியில், சுருக்கப்பட்ட மைதானத்தில் நடந்த பட்டப் போட்டியில் பேர்ஸ் அணியின் பிராங்கோ நகர்ஸ்கி ரெட் கிரேஞ்சுக்கு எறிந்த பந்தில் டச் டவுன் (எதிரணியின் கடைசி எல்லையைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) விழுந்தது. அவர் 5 யார்டு பின்னால் நிற்கவில்லை என்று போர்ட்ஸ்மவுத் அணி சண்டை பிடித்தது. மறு வருடமே, 1933-ல், கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்து வேண்டுமானாலும் எறியலாம் என்று விதி மாறியது. 1934-ல் அதே பேர்ஸ் அணியின் பீட்டி ஃபெதர்ஸ் ஒரே பருவத்தில் 1,000 யார்டைத் தாண்டிய முதல் ஆளானார்.

1940 டிசம்பரில் பேர்ஸ் அணி டி ஃபார்மேஷனை வைத்து வாஷிங்டனை 73-0 என்று நொறுக்கியது. அந்த அமைப்பில் குவாட்டர்பேக் சென்டரின் பின்னாலேயே ஒட்டி நின்று பந்தை வாங்குகிறார். யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று தீர்மானிப்பவர் அவர். டெயில்பேக்கிடமிருந்து எறியும் வேலையும் முடிவெடுக்கும் அதிகாரமும் கைமாறியது அப்போதுதான். ரன்னிங் பேக்கின் ‘வீழ்ச்சி’க்கு ஒரு தொடக்கத் தேதி வேண்டும் என்றால் பலர் சொல்லும் 1978 விதிமாற்றத்தை விட இதைத்தான் நான் சொல்வேன். பிறகு வந்த பொற்காலம் அதை மறைத்துவிட்டது.

பொற்காலம் என்று சொல்லும்போது மேரியன் மோட்லியை விட்டுவிடக் கூடாது. 1946-ல் தொழில்முறை ஆட்டத்தில் நிறத்தடை உடைந்தபோது உள்ளே வந்த நான்கு கறுப்பின வீரர்களில் ஒருவர். கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணியின் ஃபுல்பேக், அதாவது ஓடுவதோடு மறித்து வழி திறக்கவும் செய்யும் கனமான பேக். 1950-ல் 810 யார்டுகளோடு என்எஃப்எல்லில் முதலிடம் பிடித்தார். ஆனால் பயிற்சியாளர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் சொல்வது, குவாட்டர்பேக் ஆட்டோ கிரஹாமை நோக்கிப் பாய்ந்துவருபவர்களை அவர் தடுத்து நிறுத்திய விதத்தை. ஓடுவதும் தடுப்பதும் ஒரே ஆளின் வேலையாக இருந்தது. அதே அணிக்கு 1957-ல் வந்த ஜிம் பிரவுன் 9 பருவங்களில் 8 முறை ஓட்டத்தில் முதலிடம், 12,312 யார்டு, ஓட்டம் ஒன்றுக்குச் சராசரி 5.2, ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. 1963-ல் 14 ஆட்டங்களில் 1,863. அவர் 30 வயதில் ஓய்வு பெற்றது 1966-ல். ஆட்டத்துக்கு 104.3 யார்டு என்ற அவரது வாழ்நாள் சராசரியை இன்றுவரை யாரும் தொடவில்லை.

அதே காலத்தில் பயிற்சியாளர் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி ஆடிய ஸ்வீப்பை, அதாவது ஓரமாகச் சுற்றி ஓடும் ஆட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வந்த எல்லாவற்றுக்கும் விதை அதில் இருக்கிறது. சென்டருக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு கார்டுகளும் தங்கள் இடத்தை விட்டுப் பக்கவாட்டில் ஓடி முன்னால் போவார்கள். ஃபுல்பேக் ஜிம் டெய்லர் எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை மறிப்பார். வரிசையின் ஓரத்தில் நின்று மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை விசித்திரமானது: எதிரே நிற்கும் லைன்பேக்கரை (தடுப்பின் இரண்டாம் வரிசை ஆள்) இந்தப் பக்கம்தான் தள்ள வேண்டும் என்று இல்லை, அவர் எந்தப் பக்கம் போக நினைக்கிறாரோ அந்தப் பக்கமே தள்ளு. பந்தோடு வரும் பால் ஹார்னங் அதைப் பார்த்து எதிர்ப்பக்கத்து இடைவெளியில் புகுவார். ஆக, ஓட்டம் என்பது முன்கூட்டியே வரைந்த கோடு அல்ல; ஓடிக்கொண்டே வாசிக்க வேண்டிய ஒன்று. கண் பாதி, கால் பாதி.

1970-களில் இது உச்சிக்குப் போனது. 1972-ல் மயாமி டால்ஃபின்ஸ் அணியின் லாரி சோன்காவும் மெர்க்குரி மோரிஸும் ஒரே அணியில் ஆளுக்கு 1,000 யார்டு எடுத்த முதல் ஜோடி. அடுத்த பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அந்த அணியின் குவாட்டர்பேக் பாப் கிரீஸி மொத்தம் எறிந்ததே 7 பந்துகள். சோன்கா மட்டும் 33 முறை ஓடி 145 யார்டு எடுத்தார். அதே 1973-ல் ஓ.ஜே. சிம்ப்சன் 14 ஆட்டங்களில் 2,003. ஆனால் இந்தப் பொற்காலத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தடுப்பாட்டம் அவ்வளவு ஓங்கியிருந்தது. எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை மைதானம் நெடுக இடித்துத் தள்ளலாம் என்ற நிலையில் எறிவதே சூதாட்டம். 1977-ல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுத்த புள்ளிகள் 17.2, அதற்கு முந்தைய 35 ஆண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைவு. ஓடுவது எல்லோருக்கும் பிடித்ததால் ஓடவில்லை, வேறு வழி அடைபட்டிருந்ததால் ஓடினார்கள் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்குகளைப் படிக்க வேண்டும்.

1978-ல் லீக் அந்த வழியைத் திறந்துவிட்டது. கோட்டிலிருந்து 5 யார்டு தாண்டிய பிறகு ரிசீவரை இடிக்கக் கூடாது. பந்து எறிபவரைக் காக்கும் லைன்மேன்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம். இரண்டே மாற்றம்தான். 1977-ல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 37 முறை ஓடியது, 25 முறை எறிந்தது. இப்போது ஏறத்தாழ 27 முறை ஓடுகிறது, 33 முறை எறிகிறது. இந்தக் காரணகாரியத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் மாற்றம் ஒரே நாளில் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1978-லேயே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணி 3,165 யார்டு ஓடி வைத்த சாதனை 2019 வரை நின்றது. எரிக் டிக்கர்சன் 2,105 யார்டு ஓடியது 1984-ல். தனிநபர் சாதனை இன்றும் அதுதான். விதி மாறினாலும் பயிற்சியாளர்களின் பழக்கம் மாற ஒரு தலைமுறை பிடித்தது.

அந்த இடைக்காலத்தில் ரன்னிங் பேக்கின் வேலை இரண்டு திசைகளில் பிரிந்தது. ஒரு திசையை உருவாக்கியவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் பயிற்சியாளர் பில் வால்ஷ்: குறுகிய பாஸ்களை ஓட்டத்துக்குப் பதிலாக வைத்தால், ரன்னிங் பேக் பந்தை வாங்கும் இடம் மட்டும் மாறுகிறது. ராஜர் கிரெய்க் 1985-ல் ஓடி 1,050, பிடித்து 1,016 யார்டு எடுத்தார். ஒரே பருவத்தில் இரண்டிலும் ஆயிரம் தொட்ட முதல் ஆள். அவருக்குப் பிறகு அதைச் செய்தவர்கள் இருவர்தான்: 1999-ல் மார்ஷல் ஃபாக், 2019-ல் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. மற்றொரு திசை வாஷிங்டனின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் 1981-ல் லாரன்ஸ் டெய்லர் என்ற லைன்பேக்கர் வந்து இறங்கினார். அதுவரை பக்கவாட்டிலிருந்து பாயும் லைன்பேக்கரைத் தடுப்பது ரன்னிங் பேக்கின் பொறுப்பு. டெய்லர் விஷயத்தில் அது நடக்கிற காரியமாக இல்லை. வால்ஷ் 1982 ஜனவரி பிளேஆஃபில் ஜான் ஏயர்ஸ் என்ற கார்டை அவருக்கு எதிரே நிறுத்தினார். கிப்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய் இரண்டாவது பேக்கையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நகர்ந்து நிற்கும் இரண்டாவது டைட் எண்டைக் கொண்டுவந்தார். பின்னால் தனியாக நின்ற ஜான் ரிக்கின்ஸ் பதினேழாவது சூப்பர் பவுலில் 38 முறை ஓடி 166 யார்டு எடுத்தார். வெற்றி என்னவோ ரன்னிங் பேக்குக்குத்தான். ஆனால் பின்களத்தில் இருவர் நின்ற இடத்தில் ஒருவர் போதும் என்ற பாடத்தை மற்ற அணிகள் பிடித்துக்கொண்டன.

ஃபுல்பேக் என்ற இனம் மெல்ல மறைந்ததும் அதன் தொடர்ச்சி. எம்மிட் ஸ்மித்தின் 18,355 யார்டுகளில் பெரும்பகுதி டேரல் ஜான்ஸ்டன் முன்னால் போய்த் திறந்த வழியில் வந்தவை. லொரென்சோ நீல் 1997 முதல் 2007 வரை தொடர்ந்து 11 பருவங்கள், வெவ்வேறு அணிகளில், 1,000 யார்டு எடுக்கும் ஒருவருக்கு வழி திறந்துகொண்டே இருந்தார். இன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கைல் யூஸ்செக் போல விரல்விட்டு எண்ணும் பேர்தான் மிச்சம். பயிற்சியாளர்கள் ஆள் அமைப்பை இரண்டு இலக்கத்தில் சொல்வார்கள்: முதல் இலக்கம் பேக்குகள், இரண்டாவது டைட் எண்டுகள். ஒரு காலத்தில் 21 வழக்கமாக இருந்தது, இப்போது 11. அந்த ஒரு ஃபுல்பேக்கின் இடத்தில் மூன்றாவது ரிசீவர் நிற்கிறார்.

அடுத்து வருவதுதான் ‘யாரைப் போட்டாலும் ஓடுவார்’ என்ற வாதம். இது டென்வரில் பிறந்தது. தலைமைப் பயிற்சியாளர் மைக் ஷானஹனும் லைன் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸும் ஆடிய அவுட்சைட் சோன் ஓட்டத்தில் ஐந்து லைன்மேன்களும் ஒரே திசையில் சேர்ந்து நகர்வார்கள். யார் யாரை அடிப்பது என்பதை எதிராளி நிற்கும் இடம் தீர்மானிக்கும். பந்தை வாங்குபவர் சுமார் 7 யார்டு பின்னாலிருந்து லைனின் வெளி ஓரத்தைக் குறிவைத்துக் கிளம்புகிறார். வெளி ஓரத்தில் நிற்கும் தடுப்பாளரை முதலில் பார்க்க வேண்டும்: அவர் உள்பக்கம் அடைபட்டால் வெளியே சுற்றிப் போகலாம், அவர் வெளிப்பக்கம் நகர்ந்தால் அடுத்த ஆளைப் பார்த்து உள்ளே ஊன்றித் திரும்ப வேண்டும். திரும்புவது ஒரே ஒரு தடவை. அதன் பிறகு பக்கவாட்டு அசைவே கூடாது, நேரே மேலே. எங்கே கெடுகிறது என்றால், ஓரடி முன்னதாகத் திரும்பிவிட்டால் லைன்பேக்கர்கள் இன்னும் பக்கவாட்டில் இழுபட்டிருக்க மாட்டார்கள், நேராக நெஞ்சில் வந்து விழுவார்கள். ஓரடி தாமதித்தால், பின்பக்கத்திலிருந்து துரத்தி வரும் எண்ட் குதிகாலைப் பிடித்துவிடுவார். காலில் வேகம் இருந்தும் இந்த வாசிப்பு வராமல் காணாமல் போனவர்கள் ஏராளம்.

கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட டெரல் டேவிஸ் இந்த முறையில் 1998-ல் 2,008 யார்டு எடுத்தார். 1999-ல் அவர் முழங்கால் போக, ஒலாண்டிஸ் கேரி 1,159. 2000-ல் இன்னொரு ஆறாவது சுற்று ஆள், மைக் ஆண்டர்சன், 1,487. 2002-ல் கிளின்டன் போர்ட்டிஸ் 1,508, அடுத்த வருடம் 1,591. 2004-ல் அவரைக் கொடுத்து வாஷிங்டனிடமிருந்து சாம்ப் பெய்லி என்ற தலைசிறந்த கார்னர்பேக்கை (ரிசீவர்களைத் தொடர்ந்து மறிக்கும் தடுப்பாளர்) வாங்கியது டென்வர், கூடவே ஓர் இரண்டாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பையும். அந்த வருடமும் ரூபன் டிரவுன்ஸ் 1,240 எடுத்தார். மற்ற அணிகளின் அலுவலகங்கள் இதைப் பார்த்துப் போட்ட கணக்கு எளிது: ஓட்டத்தைத் தருவது லைனும் திட்டமும், ஆள் அல்ல.

இதில் உறுதியானது எவ்வளவு? ஓட்டத்தின் பலனில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது, பந்து கைமாறும்போது எதிரே பாக்ஸில் (லைனுக்கு எதிரே, கோட்டருகே உள்ள பகுதி) எத்தனை பேர் நிற்கிறார்கள், லைன் எப்படித் தள்ளுகிறது என்பதுதான் என்பது இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஆனால் ‘பெரும்பகுதி’ வேறு, ‘முழுவதும்’ வேறு. அதே டென்வரில் 1998-ல் டேவிஸின் சராசரி ஓட்டத்துக்கு 5.1, மறுவருடம் கேரியின் சராசரி 4.2. ஆயிரம் யார்டு என்பது வாய்ப்பின் எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டும் கணக்கு. 17 ஆட்டத்தில் ஆட்டத்துக்கு 59 யார்டு எடுத்தாலே ஆயிரம் வந்துவிடும். தோள்பட்டைக் கவசத்தில் இருக்கும் சில்லுகள் தரும் இடத் தரவை வைத்து, ‘இந்தச் சூழலில் சராசரி ஆள் எவ்வளவு எடுத்திருப்பார், இவர் எவ்வளவு எடுத்தார்’ என்று இப்போது கணக்கிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கிறது என்று அது காட்டுகிறது. ஆனால் அது ஓரிரு பருவங்களில் மேலும் கீழும் குதிக்கும் எண். இந்தத் தரவே சுமார் பத்தாண்டுப் பழசுதான். யாருக்கு எத்தனை பாஸ் எறியப்பட்டது என்ற கணக்கே 1992-லிருந்துதான் ஒழுங்காக இருக்கிறது. ஆகவே அன்றைய ஜிம் பிரவுன் பெரியவரா, இன்றைய சாக்குவான் பார்க்லி பெரியவரா என்று எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

இதேபோல் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, ‘30 முறை ஓடவைத்தால் ஜெயிக்கலாம்’ என்ற பழைய வர்ணனையாளர் வாக்கு. முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் கால் பகுதியில் கடிகாரத்தை ஓட்டுவதற்காக ஓடுகிறது. ஜெயிப்பதால் ஓட்டம் கூடுகிறது. காரணமும் விளைவும் இங்கே தலைகீழ். அதற்காக ஓட்டமே வீண் என்று மறுபக்கம் சாய்வதும் தவறு. ஒரு யார்டு தேவைப்படும் மூன்றாவது, நான்காவது முயற்சிகளில் எறிவதை விட ஓடுவதே அதிகம் பலிக்கிறது. ஆனால் அந்த வேலையிலும் இப்போது பங்கு கேட்க ஆள் வந்துவிட்டார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி 2022 முதல் குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளி அந்த ஒரு யார்டை எடுத்துக்கொள்கிறது. பால்டிமோரில் லமார் ஜாக்சன் 2019-ல் குவாட்டர்பேக்காக இருந்தபடியே 1,206 யார்டு ஓடினார். பேட்ரியாட்ஸின் பழைய அணிச் சாதனையை உடைத்து 3,296 எடுத்ததும் அந்த அணிதான். குவாட்டர்பேக் ஓடக்கூடியவர் என்றால் ஓரத்தில் நிற்கும் எண்டை யாரும் மறிக்க வேண்டியதில்லை, அவர் யாரைப் பிடிப்பது என்று திகைத்து நிற்பதே போதும். ஓர் ஆள் மிச்சமாகிறார். அதனால் பக்கத்தில் ஓடும் ரன்னிங் பேக்கின் சராசரியும் ஏறும், அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு மட்டும் குறையும்.

ரசிகர்கள் கவனிக்காத, ஆனால் ஓர் இளைஞருக்கு மைதானத்தில் இடம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் வேலை பாஸ் பாதுகாப்பு. வழக்கமான ஓர் ஏற்பாட்டில் லைனில் மூவர் ஒரு பக்கம் சரிந்து அந்தப் பக்கத்து இடைவெளிகளை அடைப்பார்கள். மறுபக்கத்து இருவர் தங்களுக்கு எதிரே நிற்பவர்களை எடுப்பார்கள். அந்தப் பக்கத்து லைன்பேக்கர்கள் இருவருக்கும் பொறுப்பு பேக் ஒருவரே. இருவரும் பாய்ந்தால் உள்ளே இருப்பவரைத்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் குவாட்டர்பேக்கிடம் போக அவருக்குத்தான் தூரம் குறைவு. வெளியே இருப்பவர் வந்து சேர்வதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். அது குவாட்டர்பேக்கின் பாடு. எவரும் பாயவில்லை என்று தெரிந்த பிறகே பேக் வெளியே நழுவிக் குறும்பாஸுக்குத் தயாராகலாம். தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, குவாட்டர்பேக் அருகிலேயே காத்து நிற்பது: 105 கிலோ லைன்பேக்கர் 5 யார்டு ஓடி வேகம் எடுத்த பிறகு மோதுவார், 95 கிலோ பேக் பின்னால் பறந்து குவாட்டர்பேக்கின் மீதே விழுவார். முன்னே போய்க் கோட்டருகிலேயே மோத வேண்டும். இரண்டு, பந்து கிளம்பிய பிறகு சேஃப்டி (தடுப்பணியில் கடைசி வரிசையில் நிற்பவர்) இடம் மாறியதைப் பார்க்காமல் முதலில் எண்ணிய ஆளையே பார்த்துக்கொண்டிருப்பது. கல்லூரியில் 1,500 யார்டு எடுத்தவர் தொழில்முறையில் முதல் வருடம் மூன்றாவது முயற்சிகளில் வெளியே உட்கார வைக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்த இடத்தில் ஜேம்ஸ் வைட் போன்றவர்கள் இறங்குகிறார்கள். ஐம்பத்தோராவது சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸுக்காக 14 பந்து பிடித்து, கூடுதல் நேரத்தில் வெற்றி டச் டவுனையும் அடித்தார் அவர்.

இனி சம்பளம். எண்களை அடுக்கினால் கதை தானே தெரியும். 2011-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்தது. டிராஃப்டில் வருபவர் நான்கு வருடத்துக்குக் கட்டுப்பட்டவர். மூன்றாவது பருவம் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்திப் பேசவே முடியாது. முதல் சுற்று ஆள் என்றால் ஐந்தாவது வருடத்தையும் அணியே எடுத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஃபிரான்சைஸ் டேக் என்ற பூட்டு: ஒரு வருடச் சம்பளத்தில் ஆளைப் பிடித்து வைக்கலாம். 22 வயதில் வந்தவர் சுதந்திரமாகப் பேரம் பேசும் நாள் வரும்போது 27, 28 ஆகிவிடுகிறது. குவாட்டர்பேக்குக்கு அது தொடக்கம். ரன்னிங் பேக்குக்கு அதுவே இறக்கம் தொடங்கும் வயது. அவருடைய சிறந்த வருடங்களை அணி மலிவாக வாங்கி முடித்திருக்கும். என் கணிப்பில், மவுசு குறைந்ததற்கு 1978-ன் விதிகளைவிட இதுவே பெரிய காரணம்.

டேக்கின் சம்பளம் அந்தந்த இடத்தின் உச்சச் சம்பளங்களை ஒட்டி அமைவதால் சரிவு தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகிறது. 2023-ல் ரன்னிங் பேக்குக்கான டேக் ஒரு கோடி டாலரைச் சற்றே தாண்டியது. ரிசீவருக்கு சுமார் 1.97 கோடி, குவாட்டர்பேக்குக்கு சுமார் 3.24 கோடி. முரண்டு பிடித்தவர்களின் அனுபவமும் நன்றாக இல்லை. பிட்ஸ்பர்க்கின் லெவியான் பெல் சுமார் 1.45 கோடி டேக்கை மறுத்து 2018 முழுவதும் ஆடாமல் இருந்தார்; அவர் இடத்தில் இறங்கிய ஜேம்ஸ் கானர் 12 டச் டவுன் ஓடினார். 1993-ல் எம்மிட் ஸ்மித் இதேபோல் வெளியே நின்றபோது டல்லஸ் முதல் இரண்டு ஆட்டத்தையும் தோற்று, அவசரமாகக் காசோலையை நீட்டியது. பிறகு அந்தப் பருவ சூப்பர் பவுலையும் வென்றது. இரண்டு சம்பவங்களுக்கும் இடையே 25 வருடம். பெரிய பணம் கொடுத்த அணிகளும் கையைச் சுட்டுக்கொண்டன. 2018-ல் டாட் கர்லிக்கு 4 வருடத்துக்கு 5.75 கோடி எழுதிக் கொடுத்த ராம்ஸ் அணி, முழங்கால் பிரச்சினைக்குப் பிறகு 2020 மார்ச்சில் அவரை விடுவித்தது. 2019-ல் 6 வருடம் 9 கோடிக்குக் கையெழுத்திட்ட இசக்கியல் எலியட்டை டல்லஸ் 2023-ல் விடுவித்தது. டிராஃப்டிலும் அதே சாயல்: ஒட்டுமொத்த முதல் தேர்வாகக் கடைசியாகப் போன ரன்னிங் பேக் 1995-ன் கி-ஜானா கார்ட்டர். 2013, 2014 இரண்டிலும் முதல் சுற்றில் ஒருவர்கூட இல்லை.

‘அதிகம் ஓடினால் அடுத்த வருடம் உடைந்துவிடுவார்’ என்ற நம்பிக்கை சந்தேகத்துக்குரிய பட்டியலில் வருகிறது. பருவத்துக்கு 370 ஓட்டம் என்ற எல்லையைப் பலர் சொல்வார்கள். உதாரணங்கள் பயமுறுத்தும்: 1998-ல் ஜமால் ஆண்டர்சன் 410, டெரல் டேவிஸ் 392, இருவரும் 1999 பருவத்தின் முதல் மாதத்துக்குள் முழங்கால் போய் விழுந்தார்கள், 2006-ல் லாரி ஜான்சன் 416 என்ற சாதனை, மறுவருடம் பாதியில் முடிந்தது. ஆனால் டிக்கர்சன் 1983-ல் 390 ஓடிவிட்டு அடுத்த வருடம்தான் 2,105 எடுத்தார், 1986-லும் 404. அவரையும் 1995-ல் 377 ஓடிய ஸ்மித்தையும் மேற்கண்ட பட்டியலோடு சேர்த்துப் பார்த்தால் எல்லைக்கோடு மங்கிவிடுகிறது. ஒரு பருவம் முழுக்கக் காயமில்லாமல் தப்பியவரால்தான் 370-ஐத் தொடவே முடியும். அந்த அதிர்ஷ்டம் மறுவருடமும் தொடரும் என்று எதிர்பார்க்க முடியாது. சரிவின் ஒரு பகுதி இதனால் மட்டுமே வருவது. உடல் தேய்கிறது என்பது உண்மை, 27-28-ஐ ஒட்டிச் சராசரிகள் இறங்குவதும் உண்மை. ஒரு மாய எண் இருக்கிறது என்பதற்குத்தான் ஆதாரம் போதாது. அணிகள் இந்த நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை, பயந்து பங்கு பிரித்துவிடுகின்றன. 2023-ல் லீக் முழுக்க ஒருவர்கூட 300 ஓட்டத்தைத் தொடவில்லை. அதிகபட்சம் டெரிக் ஹென்றியின் 280. அதே பருவத்தில் டெட்ராய்ட்டில் டேவிட் மான்ட்கோமரி 1,015, ஜாமிர் கிப்ஸ் 945 என்று இருவர் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்படியானால் 2024? ஜயண்ட்ஸ் தக்கவைக்காமல் விட்ட சாக்குவான் பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 345 ஓட்டத்தில் 2,005 யார்டு எடுத்தார், 2,000-ஐத் தாண்டிய ஒன்பதாவது ஆள். பிளேஆஃபையும் சேர்த்தால் 2,504, இது சாதனை. அணி சூப்பர் பவுல் வென்றது. 30 வயது ஹென்றி பால்டிமோரில் 1,921. இதற்கு ஒரு நம்பத்தகுந்த விளக்கம் உண்டு: நீண்ட பாஸ்களுக்குப் பயந்து தடுப்பணிகள் இரண்டு சேஃப்டிகளையும் ஆழத்தில் நிறுத்தி, லைன்பேக்கருக்குப் பதில் இலகுவான கார்னர்பேக்கை இறக்கப் பழகிவிட்டன. பாக்ஸில் எட்டுப் பேர் நின்ற இடத்தில் ஆறு பேர், அவர்களும் எடை குறைந்தவர்கள். அங்கே ஓடுவது லாபம். ஆனால் பார்க்லிக்கு முன்னால் நின்றது லீக்கின் மிகச் சிறந்த லைன்களில் ஒன்று, பக்கத்தில் ஓடக்கூடிய குவாட்டர்பேக். அவர் திறமை எவ்வளவு, சூழல் எவ்வளவு என்று பிரிக்க ஒரு பருவம் போதாது. இது திரும்பி வரும் காலமா, இரண்டு அபூர்வ உடல்களின் ஒரு வருடமா என்று இப்போதே அடித்துச் சொல்வதில் அர்த்தமில்லை. சந்தை என்ன நினைக்கிறது என்பது மட்டும் எண்ணாக இருக்கிறது. 2025 மார்ச்சில் பார்க்லி ஆண்டுக்குச் சராசரி 2 கோடி டாலரைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் ஆனார், ஒப்பந்தம் 2.06 கோடி. அதே மாதம் சின்சினாட்டியின் ரிசீவர் ஜாமார் சேஸ் கையெழுத்திட்டது 4 கோடிக்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டே குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் 6 கோடியைத் தொட்டிருந்தார்.